கழிதலும் கழித்தலும்



மார்கழியின் இறுதி நாள் திண்டுக்கல் சமவெளிச் சிற்றூர்களில் இரண்டு செயல்களைக் காணலாம். விடியலில் பழம்பாயும் கிழிந்த கூடையும் தெருவில் எரியும். பின்னர், வெள்ளையடித்த வீட்டின் இறவாணத்தில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ ஆகியவற்றைச் சேர்த்துக் காப்புக் கட்டுவர். மாட்டுத் தொழுவத்திலும் வயல் மூலையிலும் அக்கொத்தினைச் செருகுவர். எரியும் நெருப்பு ஒரு நாழிகையில் தணிந்துவிடும். காப்போ காய்ந்து சருகாகும் வரை நின்ற இடத்திலேயே நிற்கும். ஆயினும், போகியைப் பற்றிப் பேசுவோர் நெருப்பையே பேசுகின்றனர்; காப்பைப் பேசுவோர் சிலரே.

ஆண்டின் முடிவில் மனத்தைத் துப்புரவு செய்தல் பற்றி எழும் பேச்சும் இத்தகையதே. பழையதை எறிந்துவிட்டால் புதியது தானே வந்துவிடும் என்று பலரும் நம்புகின்றனர். இதற்குச் சான்றாக நன்னூலின் இறுதி நூற்பாவை எடுத்துக்காட்டுவதும் வழக்கம். மொழியில் சில வழக்குகள் மறைவதும் சில தோன்றுவதும் காலத்தின் இயல்பு, அவை குற்றமாகா என்பதே பவணந்தியார் கருத்து. அவர் ஆண்ட சொல் ‘கழிதல்’; ‘கழித்தல்’ அன்று. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. மரத்தின் பழுப்பிலை தானே உதிர்வது கழிதல். கிளையை வெட்டி வீழ்த்துவது கழித்தல். இரண்டிற்கும் இடையே ஓர் எழுத்தே வேறுபாடு. அந்த ஓர் எழுத்தில் ஒரு நூலகமே அழிந்துபோகக் கூடும்.

அவ்வாறு அழிந்ததும் உண்டு. உ.வே. சாமிநாதையர் ஏடு தேடிக் கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலுக்குச் சென்ற செய்தியைத் தம் வரலாற்றில் வருந்தி எழுதியுள்ளார். வரகுணராம பாண்டியர் தொகுத்து வைத்த சுவடிகள் அங்கு இருந்தன. பழைய ஏடுகளை நெருப்பில் இடுவதே முறை என்று கருதிப் பலவற்றை எரித்துவிட்டதாக அங்கிருந்தோர் கூறினர். எரித்தவர்கள் தமிழுக்குப் பகைவர் அல்லர். இடத்தைத் துப்புரவு செய்ததாகவே அவர்கள் எண்ணினர். படித்துப் பாராமல் கழித்ததே அவர்கள் செய்த பிழை.

அங்ஙனமாயின் எதையும் விடாமல் சேர்த்து வைப்பதுதான் வழியோ? அதுவும் அன்று. இதற்கு விடையைத் திண்டுக்கல் வட்டாரத்து உழவர் அறிவர். மானாவாரிச் செம்மண் நிலத்தில் சோளமும் நிலக்கடலையும் எடுத்தபின் நிலத்தை ஆறப்போடுவர். கோடைமழை விழுந்ததும் ஓர் உழவு உழுவர், விதையார். புரண்ட மண்ணில் களையின் வேர் காய்கிறது. கூட்டுப்புழு வெயில்பட்டு மடிகிறது. அடுத்து வரும் மழைநீர் ஓடிவிடாமல் உள்ளிறங்குகிறது. பார்ப்பவர்க்கு அது வெற்று நிலம். உழவர்க்கோ அது ஆயத்தமாகும் நிலம். நிலத்தில் ஒன்றையும் கொளுத்தவில்லை. மேலிருந்தது கீழாகவும், கீழிருந்தது மேலாகவும் புரண்டிருக்கிறது. ஓராண்டைத் திரும்பிப் பார்ப்பதும் இத்தகைய புரட்டலே ஆகும்.

இலக்கியத்தில் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. சின்னமனூரைத் தம் பெயரின் முன்னெழுத்தில் தாங்கி, இந்த மாவட்டத்து வத்தலக்குண்டில் வளர்ந்தவர் சி.சு. செல்லப்பா. அவர் 1959ஆம் ஆண்டு சனவரியில் ‘எழுத்து’ இதழைத் தொடங்கியபோது, திறனாய்வுக்கு இடம் வேண்டும் என்பதே அவர்தம் முதன்மை நோக்கமாக இருந்தது. ஆனால் அவர் அமைத்த இடத்தில் வந்து அமர்ந்ததோ புதுக்கவிதை. முப்பதுகளில் வசனகவிதை எழுதி, பின்னர் நெடுங்காலம் கவிதையை ஆறப்போட்டிருந்த ந. பிச்சமூர்த்தி அவ்விதழில் மீண்டும் எழுதினார். அவரைத் தொடர்ந்து இளையோர் பலர் வந்தனர். 1962இல் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைக் கொண்ட ‘புதுக்குரல்கள்’ வெளிவந்தது.

இடத்தைத் துப்புரவு செய்தவருக்கே அங்கு வரப்போவது எது என்று தெரியவில்லை. வந்ததை, ‘நான் எதிர்பார்த்தது இது அன்று’ என்று அவர் திருப்பி அனுப்பவும் இல்லை. மாற்றத்திற்கு மனத்தில் இடம் தருதல் என்பதன் முழுப்பொருள் இதுவே. தான் விரும்பிய மாற்றத்திற்கு மட்டும் இடம் ஒதுக்கி வைப்பவர் பழைய விருப்பத்திற்கே புதிய பாய் விரிக்கிறார்.

அதே செல்லப்பா பழையதைக் கைவிட்டவரும் அல்லர். விடுதலைப் போரில் சிறை சென்ற அவர், அக்காலத்தைக் களமாகக் கொண்ட ‘சுதந்திர தாகம்’ புதினத்தை 1997இல், எண்பத்தைந்தாம் அகவையில் வெளியிட்டார். அறுபது ஆண்டுக்கு முந்திய நினைவுகள் அப்போதுதான் நூலாயின. மறு ஆண்டே அவர் மறைந்தார். 2001இல் அந்நூலுக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. நினைவு பழையதாகிவிட்டது என்று அவர் கழித்திருந்தால் அந்நூல் இல்லை.

பத்தாண்டு கண்ட மன்றத்தின் முன் இன்று நிற்கும் வினாவும் இதுதான். எதை உதிர விடுவது? எதை ஆறப்போடுவது? கவியரங்கந்தோறும் கைதட்டல் வாங்கிய வரிகள், மனப்பாடமாகிவிட்ட உவமைகள், ஒருவரை ஒருவர் புகழ்ந்து கொள்ளும் முன்னுரைகள் ஆகியவை பழுத்துவிட்ட இலைகள். அவற்றைப் பிடித்து வைக்க வேண்டுவதில்லை. என்றோ ஒரு கூட்டத்தில் பட்ட சொல்லுக்காகப் பின்னர் வராமலே போன உறுப்பினர் இருப்பின், அந்த மனத்தாங்கலும் உதிரட்டும். அவர்தம் இருக்கை மட்டும் காத்திருக்கட்டும். முடிவு பெறாத கவிதையையோ எரிக்க வேண்டா; அது ஆறட்டும். இன்னும் மேடை ஏறாத ஒரு பெண்ணின் குரலுக்கும், யாப்பை அறியாத ஓர் இளைஞனின் முதல் முயற்சிக்கும் முன்வரிசையில் இடம் இருக்கட்டும். அவர்கள் கொண்டு வருவது மூத்தோர் எதிர்பார்த்த கவிதையாக இல்லாமலும் போகலாம். அன்றுதான் மன்றம் உண்மையாகவே இடம் கொடுத்ததா என்பது தெரியவரும்.

எரிப்பதற்கு ஒரு தீக்குச்சி போதும். காப்புக் கட்டுவதற்கோ, முதல் நாளே காட்டுமேட்டிற்குச் சென்று, பூவைத் தேடிப் பறித்து வர வேண்டும். பதினோராம் ஆண்டின் வாயிலில் மன்றம் அக்காப்பைக் கட்டுமாக என்ற வாழ்த்துடன் இவ்வுரை நிறைவுறுகிறது.