யந்திரமும் ஜாதகமும்

(திருவண்ணாமலைப் பொதுக்கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பெர்லின் பட்டணத்தில் பழைய ஆட்டப் பெட்டிகளையும் கம்ப்யூட்டர்களையும் சேர்த்து வைத்திருக்கும் காட்சிசாலையைப் பற்றிப் பேசப் போகிறேன் என்றால், "இவனுக்கு இதுதானா பேச்சு?" என்று சிலருக்குத் தோன்றும். அங்கே உத்தியோகத்திலிருக்கும் என் மைத்துனன் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததனால் போய் வந்தேனே தவிர, எனக்கு ஜெர்மன் பாஷையும் தெரியாது. நான் பள்ளிக்கூடம் போனதும் எட்டாவது வரையில்தான்.

அந்தக் காட்சிசாலை 1997-ல் ஆரம்பித்தது. 2011 முதல் கார்ல் மார்க்ஸ் பெயரிட்ட பெரிய வீதியில் இருக்கின்றது. பல பெட்டிகளை நாமே தொட்டு ஆடலாம். தள்ளி நில் என்பாருமில்லை, என்ன ஜாதி என்பாருமில்லை. கிழக்கு ஜெர்மனியார் 1980-களில் செய்த பெட்டி ஒன்றின் பெயர் நம் காதுக்குப் "போலிப்ளே" என்று கேட்கும். பெட்டி என்னவோ அசல்தான்!

ஆனால் என்னை நிற்க வைத்தது "நிம்ராட்" என்னும் யந்திரம். 1951-ல் இங்கிலாந்தில் பெரான்டி கம்பெனியார் செய்தது. அசலைப் பிரித்துப் போட்டு வெகுகாலமாயிற்று. இப்போது இருப்பது அதன் மாதிரி. அசலுக்கு 12 அடி அகலம், 480 வால்வுகள். தெரிந்ததோ ஒரே ஆட்டம். லண்டன் பொருட்காட்சிக்குப் பிறகு அவ்வருஷம் அக்டோபரில் பெர்லினுக்குக் கொண்டு வந்தபோது ஜனங்கள் ஆயிரக்கணக்கில் மொய்த்தார்களாம். அதே மண்டபத்தின் கோடியில் இலவசமாய் ஊற்றிய மதுவைக்கூட ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையாம்! மேற்கு ஜெர்மனியின் பொருளாதார மந்திரி எர்ஹார்டே அதனிடம் ஆடித் தோற்றார். மந்திரியைத் தோற்கடித்த யந்திரம் நம் ஊரிலிருந்தால் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பக்கத்தில் ஓர் உண்டியலும் வைத்திருப்போமா இல்லையா?

அதன் ரகசியம் என்ன? இதோ, புளியங்கொட்டை கொண்டு வந்திருக்கிறேன். மூன்று குவியல் வைக்கிறேன்: ஒன்று, இரண்டு, மூன்று. இருவர் மாற்றி மாற்றி எடுக்க வேண்டியது. ஒரு தடவைக்கு ஒரே குவியலில் எத்தனை வேண்டுமானாலும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவன் கெலித்தவன். முதலில் நீங்கள் எடுங்கள். எப்படி எடுத்தாலும் தோற்பீர்கள். ஏன்? ஒரு குவியலை முழுதும் எடுத்தால், மீதி இரண்டையும் நான் சமமாக்கி விடுவேன். கொஞ்சம் குறைத்தாலோ, இரண்டு குவியல் தானே சமமாகிவிடும். மூன்றாவதை வாரி விடுவேன். பிறகு நீங்கள் ஒரு பக்கம் எடுப்பதை நான் மறுபக்கம் எடுத்துக் கொண்டே வந்தால் கடைசிக் கொட்டை என் கையில்தானே! குவியல் பெருத்தால் கணக்கும் பெருக்கும். அக்கணக்கையும் பூட்டன் என்ற அமெரிக்கர் 1901-லேயே எழுதிவிட்டார். நிம்ராட்டை அமைத்த ஜான் பென்னட், யந்திரம் போடும் கணக்கு விளக்கெரிந்து வெளியே தெரியும்படியே செய்திருந்தார். ஒளிக்கவில்லை, தோழர்களே!

இதை ஏன் சொல்லுகிறேன்? என் தங்கை மகளுக்குப் போளூர்ப் பக்கம் ஒரு சம்பந்தம் பேசினோம். எல்லாம் பொருந்தி வந்த நேரத்தில் மாப்பிள்ளையின் தகப்பனார் அச்சடித்த ஒரு தாளை நீட்டி, "செவ்வாய் தோஷம்; மனுஷன் சொன்னால் தப்பிருக்கலாம், கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதே" என்றார். நான் அதே பிறந்த நாளையும் நேரத்தையும் எழுதிக்கொண்டு வேறொரு கடைக்குப் போனேன். அங்கே உட்கார்ந்திருந்த பையன் என்னைக் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஐயா, வாக்கியமா, திருக்கணிதமா? எது வேண்டும்?" அடுத்த கேள்வி, "தோஷத்தை லக்கினத்துக்கு மட்டும் பார்க்கவா, சந்திரன், சுக்கிரனுக்கும் சேர்த்துப் பார்க்கவா?" லக்கினத்துக்கு மட்டும் போதும் என்றேன். தோஷம் இல்லை என்று தாள் வந்து விழுந்தது! அப்படியானால் தோஷம் வானத்தில் இருந்ததா, பையன் தட்டிய பொத்தானில் இருந்ததா? யந்திரத்தின் மேல் குற்றமில்லை. பஞ்சாங்கக்காரன் சொன்னதை அது வேகமாய்ச் சொல்லுகிறது, அவ்வளவே.

இரண்டு தாள்களையும் மாப்பிள்ளையின் தகப்பனாரிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "மூன்றாவது கடையில் ஒரு தடவை கேட்டுவிடுவோமே" என்றார். நான் பதில் சொல்லுவதற்குள் பெண்ணே, "மாமா, எனக்கு இந்த வீடே வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். இப்போது மேலே படித்துக் கொண்டிருக்கிறாள்.

தாள்கள் இரண்டும் இங்கே மேஜை மேல் இருக்கின்றன. கூட்டம் முடிந்ததும் பாருங்கள். புளியங்கொட்டையும் இருக்கிறது, வேண்டியவர்கள் வந்து என்னோடு ஆடலாம்.