நாற்றம் போனால் ஆபத்து போய்விடாது

(மேல்விஷாரத்தில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழுவினர் பேசியது)



போன கூட்டத்தில் கடன் கணக்கு முடிந்து எல்லோரும் எழுந்திருக்கும்போது ஒரு அக்கா ஒரு கேள்வி கேட்டார்கள். அவர்களுடைய தம்பி சில வருடங்களுக்கு முன்பு ஒரு தோல் கம்பெனியில் கழிவுத் தொட்டி சுத்தம் செய்ய இறங்கி இறந்துபோனவர். "மூடியைத் திறந்தப்போ அழுகின முட்டை மாதிரி நாத்தமாம். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்னிருக்கான். 'இப்ப நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்'னு சொல்லிட்டுத்தான் இறங்கினானாம். நாத்தம் போன பிறகு எப்படிச் செத்தான்?"

அன்றைக்கு எங்களிடம் பதில் இல்லை. டாக்டர் அம்மாவிடம் கேட்டு, பிள்ளைகளின் உயிரியல் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறோம். தெரிந்துகொண்டதைச் சொல்கிறோம்.

நம் உடம்பு செல் என்கிற சின்னச் சின்ன அறைகளால் ஆனது. மொத்தம் 30 லட்சம் கோடிக்கு மேல் இருக்கும் என்கிறார்கள். பெரும்பாலான வகைச் செல்களுக்குள் அடுப்பு இருக்கிறது. அதற்குப் பெயர் மைட்டோகாண்ட்ரியா. நாம் சாப்பிடும் சோறும் களியும் சர்க்கரைச் சத்தாக மாறி ரத்தத்தில் போகிறது. மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் அதே ரத்தத்தில்தான் போகிறது. இரண்டும் அந்த அடுப்பில் சேர்ந்தால்தான் சக்தி கிடைக்கும்.

அந்தச் சக்தி ஏ.டி.பி. என்ற வடிவத்தில் கிடைக்கிறது. இதைச் சில்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் 500 ரூபாய் நோட்டு இருந்தாலும் டவுன் பஸ்ஸில் சில்லறைதானே கேட்கிறார்கள்? சோறு பெரிய நோட்டு, ஏ.டி.பி. சில்லறை. ஆக்சிஜன் இருந்தால் ஒரு சர்க்கரை மூலக்கூறுக்குச் சுமார் 30 சில்லறை கிடைக்கும். ஆக்சிஜன் இல்லையென்றால் வெறும் 2. இதில் சேமிப்பும் கிடையாது. நம் சங்கத்தில் போடுகிற மாதிரி ஏ.டி.பி.யைச் சேர்த்து வைக்க முடியாது. நொடிக்கு நொடி புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும்.

இதை நிறையச் செலவு செய்வது யார்? மூளைதான். உடம்பு எடையில் 100க்கு 2 பங்குதான் மூளை. ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட உடம்புச் சக்தியில் 100க்கு 20 பங்கை அது எடுத்துக்கொள்கிறது. ஏன் தெரியுமா? நரம்புகள் சேதி அனுப்புவது உப்பை வைத்துத்தான்.

டேனரிக்கு வரும் பச்சைத் தோலில் உப்புப் போட்டிருப்பார்களே, நாம் குழம்பில் போடுகிறோமே, அதே உப்பில் உள்ள சோடியம்தான். நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம். உள்ளே பொட்டாசியம் அதிகம். சேதி வரும்போது நரம்பில் சின்னக் கதவுகள் திறந்து சோடியம் உள்ளே பாயும். அதனால் அடுத்த கதவு திறக்கும், பிறகு அதற்கு அடுத்தது. இப்படியே சேதி ஓடும். பெரிய நரம்புகளில் ஒரு நொடிக்கு 100 மீட்டர் வரை ஓடும். சூடான தோசைக்கல்லில் கை பட்டதும் வெடுக்கென்று இழுக்கிறோமே, அது இப்படித்தான்.

உள்ளே வந்த சோடியத்தை வெளியே தள்ளினால்தான் நரம்பு தொடர்ந்து சேதி அனுப்ப முடியும். கிணற்றில் ஊறிய தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்பது மாதிரி. 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்க ஒரு சில்லறை செலவு. சில்லறை தீர்ந்தால் மோட்டார் நிற்கும். மோட்டார் நின்றால் மூளை நிற்கும். 'மூச்சு விடு' என்று நெஞ்சுக்குச் சொல்வதும் மூளைதான். அதுவும் நின்றுவிடும்.

இப்போது தொட்டிக்கு வருவோம். தோலில் மயிர் நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்க்கிறார்கள். அந்தத் தண்ணீர் பிறகு வரும் அமிலத் தண்ணீரோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உடனே கிளம்பும். காற்றில்லாமல் கிடக்கும் சகதியில் கிருமிகளும் அதை உண்டாக்கும். சகதியை மிதித்தாலோ கிளறினாலோ குபுக்கென்று மேலே வரும். சாதாரணக் காற்றைவிடக் கனமானது என்பதால் குழிக்குள்ளேயே தங்கிவிடும்.

இந்த வாயு உடம்புக்குள் போனால் நேராகச் செல்லின் அடுப்பில் கை வைக்கிறது. ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிற இடத்தை அடைத்துவிடுகிறது. சயனைடு விஷம் அடைப்பதும் இதே இடத்தைத்தான். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும், சர்க்கரை இருக்கும், ஆனால் அடுப்பு எரியாது. வாயு மிக அதிகமாக இருந்தால் ஒன்றிரண்டு மூச்சிலேயே ஆள் சுருண்டு விழுவார். கத்தக்கூட நேரம் இருக்காது.

அக்காவின் கேள்விக்கும் இதில்தான் பதில் இருக்கிறது. இந்த வாயு ரொம்பக் கொஞ்சமாக இருக்கும்போது மூக்கு கண்டுபிடித்துவிடும். காற்றில் 10 லட்சம் பங்குக்கு 100 பங்கு அளவுக்கு ஏறினால், சில நிமிடங்களில் மணம் அறியும் நரம்பே மரத்துப்போகும். அப்புறம் நாற்றமே தெரியாது. அந்தத் தம்பிக்கு நாற்றம் போகவில்லை அக்கா. அவர் மூக்குத்தான் செத்துப்போயிருந்தது. அவர் கவனமில்லாமல் இறங்கவில்லை. அவருக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

சகோதரிகளே, வீட்டுக்குப் போய் ஆண்களிடம் இதைச் சொல்லுங்கள்.

மூக்கை நம்பி எந்தத் தொட்டியிலும் இறங்கக் கூடாது. வாயு அளக்கும் கருவி வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

முகத்தில் துண்டு கட்டினால் போதும், நனைத்துக் கட்டினால் போதும் என்பதெல்லாம் பொய். துணி இந்த வாயுவைத் தடுக்காது.

ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இன்னொருவர் குதிக்கக் கூடாது. ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் சாவது இப்படித்தான். 101க்கும் 108க்கும் போன் செய்யுங்கள். காற்று சிலிண்டரோடு முகமூடி போட்டவர்தான் இறங்கலாம். இடுப்பில் கயிறு கட்டி, மேலே ஆள் பிடித்திருக்க வேண்டும்.

இது தயவு கிடையாது. வாயு இருக்கும் குழியில், தொட்டியில் பாதுகாப்பில்லாமல் யாரையும் இறக்கக் கூடாது என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டமே 36ஆம் பிரிவில் சொன்னது. பாதாளச் சாக்கடையிலும் மலக்கழிவுத் தொட்டியிலும் பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் வருடச் சட்டம் தடுக்கிறது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னது. கம்பெனி வேலைக்குப் போகிறவருக்கு ஈ.எஸ்.ஐ. பதிவு இருக்கிறதா என்று இன்றைக்கே கேட்டுப் பாருங்கள். பதிவு இருந்தால், வேலையில் உயிர் போனவரின் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு.

கடைசியாக ஒன்று. தெரிந்தே இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். ராத்திரி வேலைக்குக் கூடக் காசு. மறுநாள் வட்டிக்காரன் வாசலில் நிற்பான், பிள்ளைக்குப் பீஸ் கட்ட வேண்டும். நம் வீட்டு நெருக்கடிதான் அவரைக் குழிக்குள் தள்ளுகிறது. அதனால் இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவருகிறோம். அப்படி ஒரு நெருக்கடி எந்த வீட்டுக்கு வந்தாலும், அன்றைக்கே அந்தந்தக் குழுவின் உள்கடனில் இருந்து அவசரக் கடன் தர வேண்டும். அடுத்த கூட்டம் வரை காத்திருக்கச் சொல்லக் கூடாது.

சம்மதம் என்றால் கை தூக்குங்கள். அந்த அக்காதான் முதல் கையெழுத்துப் போடப் போகிறார்கள்.