21 கியர் இருந்தா மலை ஏறுறது ஈஸியா?

(இந்த எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த வாரம் ஒரு நேயர் வாய்ஸ் நோட்ல அனுப்பின கேள்வியை எடுத்துக்கலாம். அவருக்கு சென்னையில ஐடி வேலை. கையில இருக்கிறது ஆறு கியர் சைக்கிள். ஊர்ல ஏற்றம்னா மேம்பாலம்தான், அதனால இதுவரைக்கும் பிரச்சினை இல்ல. இப்ப ஏலகிரி ஏறணும்னு ஆசை வந்திருக்கு. 14 கொண்டை ஊசி வளைவு. கடைக்காரர், "21 கியர் வாங்கிடுங்க, மலை ஈஸி"ங்கிறார். கூட ஓட்டுற நண்பர், "கால்ல தெம்பு இருந்தா கியரே தேவையில்லடா"ங்கிறார். யார் சொல்றது சரின்னு கேக்குறார்.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ரெண்டு பேர் சொல்றதும் சரியில்ல. எத்தனை கியர் இருக்குங்கிற எண்ணிக்கை மலையில உதவாது. உங்ககிட்ட இருக்கிற கியர்லயே ரொம்ப லேசானது எவ்வளவு லேசு, அதுதான் விஷயம். நம்ம பாஷையில சொன்னா, லிஸ்ட்டோட நீளத்தைப் பார்க்காதீங்க, மினிமம் வேல்யூவைப் பாருங்க.

முதல்ல கியர் என்ன செய்யாதுன்னு பார்த்துடலாம். கியர் உங்க வேலையைக் குறைக்காது. நீங்க 70 கிலோ, சைக்கிள் 15 கிலோ, மொத்தம் 85 கிலோன்னு வெச்சுக்குவோம். 100 மீட்டர் உயரம் ஏறணும்னா அந்த 85 கிலோவை 100 மீட்டர் தூக்கியாகணும். அதுக்கு சுமார் 83,000 ஜூல் வேணும். சைக்கிள்ல ஒரு கியர் இருந்தாலும் சரி, 30 கியர் இருந்தாலும் சரி, இந்தக் கணக்கு மாறாது. புவியீர்ப்புகிட்ட டிஸ்கவுண்ட் கூப்பன் எதுவும் செல்லாது.

அப்ப கியர் எதுக்கு? அதே வேலையை எப்படிப் பிரிச்சுக் கொடுக்கிறதுங்கிறதுக்குத்தான். ஸ்கூல்ல படிச்ச நெம்புகோல் கணக்குதான் இது. கொஞ்ச தடவை பலமா அழுத்தலாம், இல்லன்னா நிறைய தடவை மெதுவா அழுத்தலாம்.

நம்பர் போட்டுப் பார்ப்போம். ஏழு சதவீத ஏற்றம்னு வெச்சுக்கோங்க, அதாவது 100 மீட்டர் போனா 7 மீட்டர் உயரும். வேகம் மணிக்கு 8 கிலோமீட்டர். சக்கரம் ஒரு சுத்துக்கு 2.2 மீட்டர் போகும். உங்களைத் தூக்குறதுக்கு மட்டும் 130 வாட் தேவை.

முதல்ல கியரே இல்லாத சைக்கிள். பெடலோட சேர்ந்து சுத்துற செயின் வீல்ல 44 பல், பின்னாடி ஃப்ரீவீல்ல 18 பல். 44ஐ 18ஆல வகுத்தா 2.44. பெடலை ஒரு சுத்து சுத்தினா பின்சக்கரம் 2.44 சுத்து சுத்தும்னு அர்த்தம். இந்த சைக்கிள்ல அந்த ஏற்றத்துல நிமிஷத்துக்கு 25 தடவைதான் பெடல் சுத்தும். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் சராசரியா 30 கிலோ எடைக்குச் சமமா அழுத்தணும். பெடல் உச்சியிலயும் அடியிலயும் இருக்கும்போது காலால பெருசா தள்ள முடியாது. அதனால நடுவுல 30ஐ விட நிறையவே அழுத்தியாகணும்.

அடுத்து, முன்னாடி 28 பல், பின்னாடியும் 28 பல். வகுத்தா 1. அதே வேகம், அதே 130 வாட். இப்ப நிமிஷத்துக்கு 60 தடவை சுத்தணும், ஆனா அழுத்தம் 12 கிலோதான்.

பெருக்கிப் பார்த்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். ஆனா உங்க முழங்காலுக்கு ரெண்டும் ஒண்ணு இல்ல. 30 கிலோ அழுத்தம்ங்கிறது ஜிம்ல லெக் பிரஸ் போடுற மாதிரி. தசை இறுகி இறுகி, அதுக்குள்ள ரத்த ஓட்டம் தடைப்படும். சீக்கிரம் களைச்சுப்போற வகை தசைநார்தான் அங்க அதிகமா வேலை செய்யும். 12 கிலோங்கிறது படி ஏறுற மாதிரி. மூச்சு வாங்கும், ஆனா ரொம்ப நேரம் தாக்குப்பிடிக்கலாம். "ஈஸி"ன்னு நாம சொல்றது இந்த வித்தியாசத்தைத்தான்.

இப்ப அந்த 21க்கு வருவோம். என்னோடது ரொம்ப சாதாரணமான 21 கியர் சைக்கிள். இந்த எபிசோடுக்காக டார்ச் அடிச்சு பல்லை எண்ணினேன். முன்னாடி 28, 38, 48. பின்னாடி 14, 16, 18, 20, 22, 24, 28. மூணு இன்ட்டு ஏழு, 21. எல்லாத்தையும் ஸ்ப்ரெட்ஷீட்ல போட்டு வகுத்தேன். 28க்கு 14 போட்டா 2. 48க்கு 24 போட்டாலும் 2. 28க்கு 16, 38க்கு 22, 48க்கு 28, இந்த மூணும் 1.71லிருந்து 1.75க்குள்ள வந்து நிக்குது. காலுக்கு வித்தியாசமே தெரியாது. டூப்ளிகேட் எல்லாம் தூக்கிட்டா 21ல சுமார் 13தான் தேறும். அந்த 13லயும் செங்குத்தான ஏற்றத்துல நீங்க உக்காரப்போறது கடைசி ஒண்ணு ரெண்டு கியர்லதான்.

இன்னும் ஒரு கம்பேரிசன். விலை உயர்ந்த ரோடு பைக்ல 22 கியர் இருக்கும். முன்னாடி சின்னது 34, பின்னாடி பெருசு 28ன்னு வெச்சா 1.21. என் சாதாரண சைக்கிளோட 1ஐ விட இது கஷ்டம், கியரும் அதிகம், விலையும் அதிகம். இன்னொரு பக்கம், இப்ப வர்ற மவுன்டன் பைக்ல முன்னாடி ஒரே செயின் வீல், 32 பல். பின்னாடி 12 அடுக்கு, பெருசுல 51 பல். 32ஐ 51ஆல வகுத்தா 0.63. மொத்தமே 12 கியர்தான், ஆனா இந்த வரிசையிலயே மலைக்கு லேசானது அதுதான்.

அப்ப நிறைய கியர் சும்மாவா? இல்ல. ஒரு கியருக்கும் அடுத்த கியருக்கும் இடைவெளி சின்னதா இருந்தா, ஏற்றம் கொஞ்சம் கூடும்போது கால் சுத்துற தாளம் கெடாது. அது ஒரு சௌகரியம். ஆனா அந்த சௌகரியம் உங்களை மேல கொண்டு போகாது. அதே மாதிரி லேசாக்கிட்டே போறதுக்கும் ஒரு எல்லை உண்டு. 0.63ல நிமிஷத்துக்கு 60 தடவை சுத்தினா வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர்தான். அதுக்கும் கீழ போனா சைக்கிளை நேரா நிறுத்துறதே பெரிய வேலை ஆயிடும்.

சரி, "தெம்பு இருந்தா கியர் வேணாம்"னு சொன்ன நண்பர்கிட்ட வருவோம். இந்த வாதம் நூறு வருஷத்துக்கு மேல பழசு. டூர் டி பிரான்ஸை 1903ல ஆரம்பிச்ச ஆன்றி டெக்ரான்ஜ், கியர் வந்தா மனுஷனோட பலம் தெரியாதுன்னு நம்பினார். ஓடும்போதே செயினை மாத்துற டிரெய்லர் அந்தப் போட்டிக்குள்ள வந்தது 1937லதான். அதுவரைக்கும் வீரர்கள் என்ன பண்ணாங்க? பின்சக்கரத்துல ரெண்டு பக்கமும் வேற வேற பல்சக்கரம். மலை வந்தா இறங்கி, சக்கரத்தைக் கழட்டி, திருப்பி மாட்டி ஏறுவாங்க. அதாவது அவங்களும் கியர் மாத்தினாங்க, கையால மாத்தினாங்க.

1910ல முதல் தடவையா பிரனீஸ் மலைத்தொடர்ல, 2,115 மீட்டர் உயரமுள்ள டூர்மலே கணவாய் வழியா போட்டி போச்சு. உச்சிக்கு முதல்ல வந்தவர் ஒக்தாவ் லப்பீஸ். அவர் சில இடங்கள்ல சைக்கிளை உருட்டிக்கிட்டு நடந்தார். அந்த வருஷ டூரை ஜெயிச்சதும் அவர்தான். உலகத்துலயே பெரிய போட்டியை ஜெயிச்ச ஆளே இறங்கித் தள்ளியிருக்கார்னா, பத்தாவது வளைவுல நாம இறங்கித் தள்ளுறதுல என்ன அசிங்கம்?

கணக்குப்படி பார்த்தா, சைக்கிளைத் தள்ளிக்கிட்டு நடக்கிறதும் ஒரு கியர்தான். மெதுவா போறீங்க, தேவைப்படுற வாட் குறையுது. நம்ம மேம்பாலத்துல ரெண்டு இருபது லிட்டர் தண்ணி கேனைக் கட்டிக்கிட்டு ஒரு அண்ணன் சைக்கிளைத் தள்ளிட்டு ஏறுறதைப் பார்த்திருப்பீங்க. அவருக்குத் தெம்பு இல்லாம இல்ல. அவர் சைக்கிள்ல இல்லாத லேசான கியரை அவர் நடந்து ஈடுகட்டுறார்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் இருக்கு. முதல் மலையிலயே முட்டி வலிச்சு, "எனக்கு ஸ்டாமினா இல்ல போல"ன்னு சைக்கிளை பால்கனியில துணி காயப்போட விட்டவங்களை எனக்குத் தெரியும். அதுல பல பேர் 2.4லயும் 1.7லயும் ஏறிப் பார்த்தவங்க. பழியைத் தன் உடம்பு மேல போட்டுக்கிட்டாங்க, பல்லை எண்ணிப் பார்க்கல.

அதனால நேயர் நண்பருக்கு. புது சைக்கிள் வாங்குறதுக்கு முன்னாடி உங்க சைக்கிள்ல முன்னாடி சின்னதையும் பின்னாடி பெரியதையும் எண்ணுங்க. வகுங்க. 1க்குப் பக்கத்துல வந்தா இப்ப இருக்கிறதே போதும். 1.5 மாதிரி வந்தா, பின்னாடி 34 பல் வரைக்கும் இருக்கிற ஃப்ரீவீல் போட முடியுமான்னு மெக்கானிக்கைக் கேளுங்க. உங்க டிரெய்லர் அந்த அளவைத் தாங்குமான்னும் கேளுங்க, செயினும் நீளமா தேவைப்படலாம். புது சைக்கிள் விலையில இது சின்ன பங்குதான். கடைக்குப் போய்த்தான் ஆகணும்னா, "எத்தனை கியர்"னு கேக்காதீங்க, "எத்தனை பல்"னு கேளுங்க.

ஏறும்போது ஏற்றம் வர்றதுக்கு முன்னாடியே கியரை இறக்கிடுங்க. பெடலை முழு பலத்தோட அழுத்திக்கிட்டே மாத்தினா செயின் கழண்டுக்கும். கால் நிமிஷத்துக்கு 60 சுத்துக்குக் கீழ போய், முட்டி இழுக்குதுன்னா இறங்கி நடங்க. மேல ஏரியில படகுக்காரர் நீங்க எந்த கியர்ல வந்தீங்கன்னு கேக்க மாட்டார்.

ஏறிட்டு வந்து உங்க நம்பரை வாய்ஸ் நோட்ல அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல இறக்கத்தைப் பேசலாம்: பிரேக் ஏன் சூடாகுது, எப்ப பயப்படணும். அதுவரைக்கும் ஹெல்மெட் போட்டு ஓட்டுங்க.