ஆர்ட்டமீசியாவும் புரவலர்களும்

ரோம் நகரில் 1593இல் பிறந்த ஆர்ட்டமீசியா ஜென்டிலெஸ்கி, தந்தை ஒராட்சியோவின் ஓவியக்கூடத்தில் தூரிகை பிடிக்கக் கற்றவர். தம்மைப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கிய ஓவியர் அகோஸ்டினோ டாஸி மீது 1612இல் நடந்த வழக்கில், தமக்கு எழுதத் தெரியாது, வாசிக்கவும் கொஞ்சமே வரும் என்று அவர் சாட்சியம் சொன்னார். டாஸி குற்றவாளி எனத் தீர்ப்பானது. எழுத்தறியாத அந்தப் பெண்தான் பின்னாளில் பிரபுக்களுக்கும் அறிஞர்களுக்கும் கடிதம் எழுதி ஓவியத்துக்கு விலை பேசினார், வர வேண்டிய பணத்தைக் கேட்டு வாங்கினார். பட்டம் பெறுவோர் கூடியிருக்கும் ஓர் அரங்கில் அவருடைய வாழ்வைப் பேசுவது அதனாலேயே பொருத்தம்.

முதல் கதவைத் தட்டியவர் தந்தை. அதே 1612இல் டஸ்கனியின் கோமகள் கிறிஸ்டினாவுக்கு அவர் எழுதிய கடிதம், மகளின் திறமைக்கு நிகரில்லை என்று பெருமை பேசியது. வழக்கு முடிந்ததும் ஆர்ட்டமீசியா திருமணமாகி ஃபிளாரன்ஸ் சென்றார். அங்கே கவிஞர் இளைய மைக்கலாஞ்சலோ புவனரோட்டி, தம் பெரிய பாட்டனாரான சிற்பியின் நினைவாக அமைத்த மாளிகையின் கூரைக்கு ஓர் ஓவியம் கேட்டார். ஆர்ட்டமீசியா அப்போது கருவுற்றிருந்தார். புவனரோட்டி முன்பணம் கொடுத்தார். அந்தக் கூரையில் வரைந்த மற்ற ஓவியர்களுக்குக் கிடைத்ததைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு அவருக்குக் கிடைத்தது. இருபதைத் தாண்டியே சில ஆண்டுகளான ஒரு பெண்ணின் கையை அவ்வளவு நம்பிய புவனரோட்டியே அவருடைய புரவலர்களில் முதன்மையாக நினைக்கத்தக்கவர்.

1616இல் ஃபிளாரன்ஸின் ஓவியக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதில் இடம்பெற்ற முதல் பெண் அவரே. கலிலியோவும் அக்கழகத்தின் உறுப்பினர். ஆட்சியாளர் இரண்டாம் கோசிமோ தே மெடிச்சிக்காக வரைந்த யூதித் ஓவியத்துக்குப் பணம் வராமல் இழுபட்டபோது, அதைப் பெற்றுத் தந்தது கலிலியோவின் தலையீடு. 1635இல் நேப்பிள்ஸிலிருந்து அவருக்கு எழுதிய கடிதத்தில் ஆர்ட்டமீசியா அந்த உதவியை நினைவுகூர்ந்தார். கோசிமோவின் மகனுக்கு அனுப்பிய ஓவியங்களைப் பற்றிப் பதிலே இல்லை, இம்முறையும் கைகொடுக்க வேண்டும் என்று கேட்டார். கலிலியோ அப்போது ஆர்செத்ரியில் வீட்டுக்காவலில் இருந்தார். திருச்சபையின் தண்டனைக்கு ஆளானவரிடம் பரிந்துரை கேட்டது, அந்த நட்பின் உறுதியைக் காட்டுகிறது.

ரோமில் அவருக்கு வாய்த்த பெருந்துணை காஸியானோ தால் போட்ஸோ. கர்தினால் ஃபிரான்செஸ்கோ பார்பெரினியின் செயலாளரான அவர் கலைப்பொருள் சேகரிப்பாளர். பூஸான் என்னும் ஓவியரையும் ஆதரித்தவர். ஆர்ட்டமீசியா தம் உருவப்படத்தை அவருக்கு அனுப்புவதாக வாக்களித்தார். 1630களின் இறுதியில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்லஸின் அவைக்கும் சென்றார். தந்தை ஏற்கெனவே அங்கே பணியில் இருந்தார். அந்தத் தந்தை 1639இல் லண்டனில் காலமானார்.

கடைசிப் பெரும் புரவலர் சிசிலியின் மெசினாவைச் சேர்ந்த பிரபு டான் அந்தோனியோ ருஃபோ. 1649 முதல் 1651 வரை அவருக்குச் சென்ற கடிதங்களில் ஆர்ட்டமீசியாவின் குரல் மிகத் தெளிவாகக் கேட்கிறது. ஓர் உருவத்துக்கு நூறு ஸ்கூடி என்பது அவர் சொன்ன விலை. ருஃபோ குறைத்துக் கேட்டபோது, பெண் என்பதால் வேலையைப் பார்க்கும் முன்பே சந்தேகப்படுகிறார்கள் என்று எழுதினார். முன்வரைவு அனுப்பவும் மறுத்தார். முன்பு ஓர் ஆயருக்கு அனுப்பிய வரைவை, அவர் குறைந்த கூலிக்கு வேறொரு ஓவியரிடம் கொடுத்து வரையச் செய்திருந்தார். இவ்வளவு கறாராகப் பேசியும் ருஃபோ உறவை முறிக்கவில்லை. 1653இல் ரெம்பிராண்ட் வரைந்த அரிஸ்டாட்டில் ஓவியமும் இதே ருஃபோவின் தொகுப்புக்குத்தான் சென்றது. ஆர்ட்டமீசியா 1654இலும் நேப்பிள்ஸில் வாழ்ந்ததற்கு ஆவணம் இருக்கிறது.