நாம் பொங்கலிட்ட நிலம்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மேடையேறிப் பழகாத இருப்புப்பாதை எழுத்தன் நான். பள்ளியிறுதித் தேர்வுக்கு மேல் பயின்றவனும் அல்லன். எனினும், சென்ற தைத் திங்களில் நம் சான்பாடாவில், நம் குழந்தைகள் பயிலும் பள்ளியில் நடந்த பொங்கல் விழாவைப் பற்றிச் சில சொல்லுமாறு செயலாளர் பணித்தார். மறுக்க மனம் வரவில்லை.

மராட்டிய மாநிலத்தில் பொங்கலன்று பொது விடுமுறை இல்லை என்பதை அறிவீர்கள். ஆதலின் பிள்ளைகளின் பொங்கல் பள்ளி முற்றத்திலேயே நிகழ வேண்டியதாயிற்று. மாதுங்காவிலிருந்து மஞ்சள் கொத்தும் கரும்பும் வந்தன. பானைகளைத் தாராவிக் கும்பார்வாடாவில் வாங்கினோம். தமிழர் திருநாளுக்குப் பானை வனைந்து தருவோர் சௌராட்டிரத்திலிருந்து வந்து குடியேறிய குயவர்கள்! சென்னையில் ஆறரை மணியளவில் எழும் கதிரவன் இங்கே ஏழேகாலுக்குத்தான் முகம் காட்டுகிறான். பள்ளி மணியோ ஏழுக்கே அடித்துவிடும். காலக் கணக்கிலேயே உழலும் எனக்கு அது சிறிது உறுத்தியது. எனினும், பால் பொங்கியபோது மராட்டியக் குழந்தைகளும் சேர்ந்து "பொங்கலோ பொங்கல்" என்று முழங்கினர்; தங்கள் சங்கராந்தி எள்ளுருண்டையை நமக்கு ஈந்தனர்.

அப்போது ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி என்னிடம், "மாமா, அறுவடைத் திருநாள் என்கிறீர்களே, வயல் எங்கே இருக்கிறது?" என்று வினவினாள். நான் தஞ்சைச் சம்பா நெல்லைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அருகே பானை துலக்கிக்கொண்டிருந்த மூதாட்டி, அப்பள்ளியின் பணிப்பெண், தலை நிமிர்ந்து மராத்தியில் சொன்னாள்: "நீங்கள் நிற்பதே வயல்தான்."

அவள் இவ்வூர் ஆக்ரி குடியினள். உப்பங்கழி நீர் புகாதவாறு மண்கரை கட்டி, மழைக்காலத்தில் ஒரே போகம் விளைவித்த நிலமாம் அது. ஆனியில் விதைத்ததைத் தீபாவளியை ஒட்டி அறுத்துவிடுவார்களாம். தைப் பிறப்புக்குள் கதிர் களம் சேர்ந்து, பத்தாயமும் நிறைந்திருக்கும். உப்பளமும் மீனும் போக, சோறு அந்த வயலிலிருந்தே வந்தது.

அதன் பிறகே நான் சிலவற்றைக் கேட்டறிந்தேன். 1970இல் சிட்கோ நிறுவனம் தோன்றியது; புதிய நகருக்கென 95 ஊர்களின் நிலங்கள் குறிக்கப்பட்டன. நியாயமான ஈடு வேண்டி உழவர்கள் தி. பா. பாட்டீல் தலைமையில் போராடினர். 1984 ஜனவரி 16, 17 ஆகிய நாட்களில் உரண் வட்டத்து ஜாசைப் பகுதியில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிர் துறந்தனர். பொங்கலை ஒட்டிய நாட்கள் அவை என்பதை எண்ணிப் பாருங்கள். கொண்ட நிலத்தில் 12.5 விழுக்காட்டு அளவினை மனையாகத் திருப்பித் தரும் திட்டம் பின்னரே வந்தது. 1992இல் கழியைக் கடந்து வாசி வரை இருப்புப்பாதை வந்ததை நான் பலமுறை புகழ்ந்து பேசியிருக்கிறேன். அப்பாதை யாருடைய வரப்பின் அருகே சென்றது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

மற்றொன்றையும் மறையாமல் சொல்கிறேன். ஆசிரியர்களுக்கு இலையிட்டோம், விருந்தினர்க்கு இலையிட்டோம், அம்மூதாட்டிக்கு இடவில்லை. அவள் சொல் கேட்ட பின்பே, "மௌசி, வாருங்கள்" என்று அழைத்தேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தாள். பொங்கலை விரலால் நசுக்கிப் பார்த்து, "எங்கள் அரிசி இதைவிடப் பருக்கன், ஆனால் மணம் உண்டு" என்றாள். வயல் கேட்ட சிறுமி தன் கரும்பில் பாதியை ஒடித்துக் கொடுத்தாள். கிழவிக்குப் பல் இல்லை. ஆயினும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வரும் தையில் ஊர்ப் பெரியோரை அழைத்து, முதல் இலை அவர்களுக்கு இட்டு, தம் உழவைப் பற்றி அவர்களே பிள்ளைகளுக்கு மராத்தியில் உரைக்கச் செய்தல் வேண்டும் என்று விழாக் குழுவினரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். செலவு மிகும் என்று பொருளாளர் தயங்குகிறார். இரண்டு படி அரிசி என் பொறுப்பு.