கல்லீரல் தாங்குமா?

(பயிற்சி அலுவலர்களும் பொருளாதார மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய உரை)



மருத்துவரல்லாத ஒருவன் புற்றுநோய்ச் சிகிச்சை பற்றிப் பேச முன்வருவது உங்களுள் சிலருக்கு வியப்பளிக்கலாம். நான் பொருளாதாரம் பயின்றவன். ஆயினும் மருத்துவச் செலவை ஈடுசெய்யக் கோரும் விண்ணப்பங்களைப் பல ஆண்டுகள் பரிசீலித்தவன் என்ற முறையில் ஒன்றைக் கவனித்திருக்கிறேன். முற்றிய கல்லீரல் புற்றுநோய் பற்றிய கோப்புகளில் கட்டியின் அளவு இருக்கும். மருந்தின் பெயரும் விலையும் இருக்கும். அம்மருந்தைத் தாங்கும் நிலையில் கல்லீரல் உள்ளதா என்ற குறிப்பு பெரும்பாலும் இராது.

கல்லீரலில் புற்று தோன்றுவது, பெரும்பாலும், முன்னரே தழும்பேறிச் சுருங்கிப்போன ஈரலில்தான். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், மது, நீரிழிவுடனும் உடற்பருமனுடனும் சேர்ந்துவரும் கொழுப்பேற்றம் ஆகியவை பல்லாண்டுகள் ஈரலை அரித்த பின்னரே கட்டி தலைகாட்டுகிறது. ஆகவே நோயாளிக்கு இருப்பவை இரண்டு நோய்கள். இரண்டில் எது முந்தி உயிருக்கு உலை வைக்கும் என்று பார்த்த பின்னரே சிகிச்சையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதனை அளப்பதற்கு எளிய அளவுகோல் ஒன்று உண்டு. 1964-இல் சைல்டு, டர்கோட் என்போர் வகுத்து, 1973-இல் பியூ முதலானோர் திருத்தியமைத்தது. ரத்தத்தில் பிலிருபின், அல்புமின், ரத்தம் உறையும் நேரம், வயிற்றில் நீர் கோத்தல், அறிவு தடுமாற்றம் ஆகிய ஐந்துக்கும் ஒன்று முதல் மூன்று வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 5 அல்லது 6 ஆனால் 'ஏ' வகுப்பு. 7 முதல் 9 வரை 'பி'. 10 முதல் 15 வரை 'சி'. நம் தேர்வுகளுக்கு நேர்மாறாக, இங்கே குறைவாகப் பெற்றவரே தேறியவர்! வேண்டியவை மூன்று ரத்தப் பரிசோதனைகளும் மருத்துவர் ஒருவரின் கண்ணும் கையுமே.

இனி மருந்துகளுக்கு வருவோம். 2008-இல் வெளியான ஆய்வொன்றில் 602 நோயாளிகள் சேர்க்கப்பட்டனர். சோராஃபெனிப் மாத்திரை பெற்றோரின் வாழ்நாள், இடைநிலை அளவில், 10.7 மாதம், வெற்று மாத்திரை பெற்றோருக்கு 7.9 மாதம். 2020-இல் அட்டிசோலிசுமாப், பெவாசிசுமாப் என்ற இரு ஊசி மருந்துகளின் கூட்டு அதனினும் மேலெனக் காட்டப்பட்டது. ஆனால் முதல் ஆய்வில் ஏறத்தாழ அனைவரும், இரண்டாவதில் விதிப்படியே, 'ஏ' வகுப்பினர். நன்செய் நிலத்தில் கண்ட மகசூலைக் களர் நிலத்துக்கும் கணக்கிடும் தவற்றை நாம் விவசாயத்தில் செய்யமாட்டோம்.

மருத்துவமனைகளின் அன்றாட நடைமுறையில் சோராஃபெனிப் உட்கொண்ட 3,000-க்கும் மேற்பட்டோரைப் பல நாடுகளில் பின்தொடர்ந்து பார்த்தனர். 'ஏ' வகுப்பினர் வாழ்ந்தது 13.6 மாதம், 'பி' 5.2 மாதம், 'சி' 2.6 மாதம். அதில் ஒப்பீட்டுக் குழு இல்லை என்பதை மாணவர்கள் மறத்தலாகாது. மருந்து எவ்வளவு உதவியது என்பதை இவ்வெண்கள் கூறவில்லை. ஈரலின் நிலைக்கேற்ப வாழ்நாள் எவ்வளவு மாறுகிறது என்பதையே கூறுகின்றன.

நம் நாட்டில் இம்மாத்திரைக்குத் தனி வரலாறு உண்டு. 2012 மார்ச்சில் காப்புரிமைக் கட்டுப்பாட்டாளர் கட்டாய உரிமம் வழங்கியதால், மாதத்துக்கு ஏறத்தாழ ரூ. 2,80,000 ஆக இருந்த செலவு ரூ. 8,880-க்கு இறங்கியது. பெருமைப்படத்தக்க முடிவு அது. ஆனால் விலை இறங்கியபின், 'கொடுத்துத்தான் பார்ப்போமே' என்ற மனப்பான்மைக்கும் வழி பிறந்தது. மாத்திரையின் விலை செலவில் ஒரு பகுதியே. வயிற்றுப்போக்கும் கை கால் தோல் வெடிப்பும் வந்து மருத்துவமனையில் கழியும் நாட்கள், உடனிருப்பவர் இழக்கும் கூலி, பேருந்துப் பயணம் ஆகியவற்றையும் கூட்ட வேண்டும். இரண்டு மூன்று மாதமே வாழக்கூடியவருக்கு அந்நாட்களே பெரிய செலவு.

'பி' வகுப்பினர் பற்றிச் சற்று நிதானிக்க வேண்டும். ஏழு மதிப்பெண்ணும் ஒன்பது மதிப்பெண்ணும் ஒன்றல்ல. ஈரலின் தளர்ச்சி சிலரிடம் மீளக்கூடியது. மதுவை நிறுத்துவதாலும், ஹெபடைடிஸ் பி-க்கான மாத்திரையைத் தொடர்ந்து உட்கொள்வதாலும், கிருமித் தொற்றைக் குணப்படுத்துவதாலும் 'பி'-யிலிருந்து 'ஏ'-க்குத் திரும்புவோர் உண்டு. அதன்பின் புற்றுநோய் மருந்தைத் தொடங்கலாம். 2018 ஜூலையில் தொடங்கிய தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் இவ்வைரஸ்களுக்கான மருந்துகள் இலவசம். லட்சங்களைத் தேடி அலையும் குடும்பத்துக்கு இவ்விலவச மாத்திரை பற்றி யாரும் கூறாதிருப்பது என்னை வருத்தும் செய்தி.

'சி' வகுப்பில், கட்டி சிறிதாயின் ஈரல் மாற்று அறுவை உண்டு. கட்டி முற்றியவருக்கு அவ்வழி அடைபட்டது. அவருக்கு உரியது துயர் தணிப்பு. 'ஒன்றும் செய்யாமல் விடுவது' என்று அதனைக் கருதுவோர் அதன் நுட்பத்தை அறியார். வயிற்று நீரை வடிக்க வேண்டும். சாதாரண வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுத்து ரத்தக் கசிவையும் உண்டாக்கும் என்பதால் தவிர்க்க வேண்டும். பாரசிட்டமாலையும் அளவு குறைத்தே தருவர். மார்பினைச் சிறிய அளவில், நீண்ட இடைவெளியில், மலமிளக்கியுடன் கொடுப்பர். மலச்சிக்கல் அறிவு மயக்கத்தைக் கொணரும் அல்லவா? 2024-இல் வெளியான கனடிய ஆய்வொன்றில், ஈரல் வலியுற்றோருக்கு ஒரே ஒரு முறை கதிர்வீச்சு அளித்தபோது, ஒரு மாதத்தில் நூற்றுக்கு 67 பேருக்கு வலி தணிந்தது. கதிர்வீச்சு பெறாதவருள் 22 பேருக்கே தணிந்தது.

மார்பினுக்கான உரிம விதிகள் 2014-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் எளிமையாயின. கேரளம் 2008-லேயே துயர் தணிப்புக் கொள்கை வகுத்து, வீடு தேடிச் செல்லும் செவிலியரை ஊராட்சிகளுடன் இணைத்தது. பிற மாநிலங்களில் மார்பின் கிடைக்கும் மருத்துவமனையைத் தேடியே பலர் களைத்துப்போகின்றனர்.

அலுவலர்களாகிய உங்களிடம் நான் வேண்டுவது சிறியது. செலவு அனுமதிப் படிவத்தில் ஈரலின் வகுப்பைக் குறிக்க ஒரு பத்தி சேர்க்கப்பட வேண்டும். அதில் 'சி' என்று கண்டால் விண்ணப்பத்தைத் தள்ளிவிடுவது அதன் நோக்கமாகிவிடக்கூடாது. மார்பின், நீர் வடித்தல், செவிலியரின் வருகை ஆகியவற்றுக்கான தொகை, மேல்விளக்கம் கேட்டு எழுதாமல், அன்றே அனுமதிக்கப்பட வேண்டும். இத்தகைய கோப்பு ஒரு மேசையில் மூன்று வாரம் தங்கினால், பணம் சேரும்போது விண்ணப்பதாரர் இருப்பது அரிது.