கொட்டிலில் எரிந்த விளக்கு: இராபர்ட் ஃபிராஸ்டின் பனிக்காலப் பண்ணை



பனியைப் பாடாத கவிஞர் அரியர். நிலவோடும் தனிமையோடும் பிரிவோடும் பனியைச் சேர்த்துப் பாடுதல் எளிது. ஆயின், தொட்டி நீர் பாறைபோல் உறைந்த விடியலில் பசுவுக்குத் தண்ணீர் காட்ட வேண்டிய ஒருவருக்குப் பனி என்பது என்ன? இவ்வினாவுக்குத் தம் வாழ்வாலும் கவிதையாலும் விடை தந்தவர் அமெரிக்கக் கவிஞர் இராபர்ட் ஃபிராஸ்ட் (1874-1963). அவர் குடும்பப் பெயரின் பொருளே உறைபனி என்பதாகும்.

தமிழ் மரபில் நின்று இவரைக் காண்பதற்கு ஒரு வாயில் உண்டு. தொல்காப்பியர் கருப்பொருள்களை வரிசைப்படுத்துங்கால் தெய்வம், உணவு, மரம், பறை, யாழ் என்பவற்றோடு விலங்கையும் பறவையையும் மக்கள் செய்யும் தொழிலையும் சேர்த்தே எண்ணினார். பொழுது மட்டும் பாட்டாகிவிடாது. அப்பொழுதில் எந்த விலங்கு எங்கே நின்றது, மாந்தர் என்ன தொழில் செய்தனர் என்பதும் வேண்டும் என்பதே அவ்வரிசையின் உட்பொருள் எனலாம். நெடுநல்வாடை பாடிய நக்கீரர் அரண்மனைக்குள் புகுமுன், வெள்ளத்துக்கு அஞ்சி ஆநிரையை மேட்டு நிலத்துக்கு ஓட்டிச் சென்று, தீ மூட்டிக் கைகாய்ந்தும் நடுங்கி நின்ற ஆயரைக் காட்டினார். அரசியின் வாடைக்கு முன்னே ஆயரின் வாடை. இந்நெறியைப் பிறிதொரு நாட்டில், பிறிதொரு காலத்தில், தமிழறியாத ஒருவர் தம் கைவருத்தத்தால் கண்டடைந்தார் என்பதே இங்குக் கருதத்தக்கது.

1900ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஃபிராஸ்டின் தலைமகன் எலியட் வாந்திபேதியால் இறந்தான். அவனுக்கு நான்கு வயதுகூட நிரம்பவில்லை. தக்க மருத்துவரை உரிய வேளையில் அழைக்கவில்லையே என்னும் குற்றவுணர்வு தந்தையை விடாது பற்றியது. அவ்வாண்டு அக்டோபரில் ஃபிராஸ்டும் அவர் மனைவி எலினாரும் குழந்தை லெஸ்லியும் நியூ ஆம்ப்ஷயர் மாநிலத்தில் டெரி என்னும் ஊரையடுத்த முப்பது ஏக்கர்ப் பண்ணையில் குடியேறினர். பாட்டனார் வாங்கிக் கொடுத்த பண்ணை அது. அடுத்த திங்களிலேயே ஃபிராஸ்டின் தாயார் புற்றுநோயால் மறைந்தார். ஆக, அவ்வீட்டின் முதற் பனிக்காலம் இரு சாவுகளின் பின்னே வந்த பனிக்காலம்.

அப்பகுதியின் குளிர் நம் மார்கழிக் குளிரைப் போன்றதன்று. நவம்பர் தொடங்கி மார்ச்சு முடியத் தரை பலகாலும் வெண்பனியால் மூடிக் கிடக்கும். திசம்பரின் குறுகிய பகல் ஏறத்தாழ ஒன்பது மணி நேரமே. காலைக் கறவையும் மாலைக் கறவையும் இருளிலேயே நடைபெறும். ஆதலின் பண்ணையாரின் கையில் எப்போதும் ஒரு லாந்தர் விளக்கு இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் அப்பகுதி உழவர் பலர், வீடு, சமையற்கட்டு, விறகுக் கொட்டகை, தொழுவம் ஆகியவற்றை ஒரே தொடராக இணைத்துக் கட்டினர். பனிப்புயல் வீசினும் வெளியே இறங்காமல் கால்நடையிடம் செல்வதற்கு அது வழி. மாந்தரும் விலங்கும் ஒரே கூரைத் தொடரின் கீழ்க் குளிரைக் கழித்தனர்.

பனிக்காலம் கோடையிலேயே தொடங்கிவிடும் என்பது பண்ணை வாழ்வின் முதற்பாடம். கோடையில் அறுத்து உலர்த்திய புல்லே பரணில் ஏறிப் பனிக்காலத் தீவனமாகும். இவ்வாண்டு எரிக்கும் விறகு சென்ற ஆண்டே வெட்டிப் பிளந்து அடுக்கப்பட்டிருத்தல் வேண்டும். ஈர விறகு புகையுமேயன்றிச் சூடு தராது. பசு உண்ணும் உலர்புல் அதன் வயிற்றில் நொதிக்கும்போது வெப்பம் பிறக்கின்றது. எனவே குளிர் மிகுந்த இரவில் ஒரு கவளம் தீவனத்தைக் கூட்டி இடுவதே பசுவுக்குப் போர்த்தும் போர்வை. அப்பசு நாளொன்றுக்கு முப்பது நாற்பது லிட்டர் நீர் குடிக்கும். நீர் கிடைக்காவிடில் தீவனத்தைக் குறைத்துக்கொள்ளும்; பாலும் குறையும். ஆகவே தொட்டியில் உறைந்த பனிக்கட்டியைக் கோடரியால் உடைப்பது அன்றாடக் கடன். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று அதனை ஒத்திவைத்தல் இயலாது.

ஃபிராஸ்டின் பண்ணையில் முதன்மை பெற்றவை கோழிகள். அவர் வளர்த்தவை வையண்டாட் என்னும் அமெரிக்க இனம். தலையோடு ஒட்டிப் படிந்த சிறு கொண்டை உடையவை அவை. நீண்டு நிமிர்ந்த கொண்டை கடுங்குளிரில் உறைந்து கருகிவிடும் ஆதலால், குளிர்நாட்டுக்கு இவ்வினம் ஏற்றது. குளிருக்கு அஞ்சிக் கோழிக் கூண்டைத் துளையின்றி அடைப்பதும் பிழை. மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் கொண்டைக்கும் நுரையீரலுக்கும் கேடு விளையும். காற்று வீச்சு மேலே படாமலும் ஈரம் உள்ளே தங்காமலும் காப்பதில் கோழி வளர்ப்பாரின் திறம் புலனாகும். இத்தனைக்கும் பின், பகற்பொழுது சுருங்கச் சுருங்கக் கோழிகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்ளும். மின்விளக்கு எட்டாத அக்காலப் பண்ணையில், முட்டைக்கு நல்ல விலை கிடைக்கும் மாதங்களே முட்டை அரிதாகும் மாதங்கள். தீனிச் செலவு மட்டும் குறைவதில்லை.

1903ஆம் ஆண்டு முதல் 1905 வரை ஃபிராஸ்ட் கோழி வளர்ப்பு இதழ்களுக்குக் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். அவற்றுள் ஒன்றில், அண்டையார் ஒருவரின் வாத்துகள் பனிக்காலத்திலும் மரக்கிளையில் தங்கும் என்று எழுதிவிட்டார். பெருவாத்து மரத்தில் ஏறி உறங்கும் பறவையன்று. வாசகர் ஒருவர் விளக்கம் கேட்க, ஃபிராஸ்ட் ஏதேதோ விடை எழுதினார். அவ்வண்டையாரின் பெயரில் ஒரு கடிதத்தையும் தாமே எழுதி இதழுக்கு அனுப்பினார். நகைப்புக்குரிய நிகழ்ச்சிதான். ஆயினும் கவிஞர்க்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. வாத்தை அறிந்தவர் படிக்கும் இடத்தில், ஓசை நயம் தவற்றைக் காப்பாற்றாது. பின்னாளில் ஃபிராஸ்டின் கவிதையில் வரும் குதிரையும் கன்றும் விறகும் பழமரமும் அறிந்தார் கண்ணுக்கு முன் தலைகுனியாமல் நிற்பதற்கு, இத்தகைய பிழைகளும் ஒரு காரணம் எனலாம்.

அவர் சிறந்த உழவராக விளங்கினார் என்று கூறுதல் உண்மையாகாது. இரவில் நெடுநேரம் விழித்து எழுதுவார். காலையில் தாமதமாக எழுவார். அதற்கேற்பக் கறவை நேரத்தையே இரவில் தள்ளி வைத்துக்கொண்டார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. 1901இல் மறைந்த பாட்டனார், பண்ணையைப் பத்தாண்டுகள் விற்க இயலாதவாறும், ஆண்டுக்கு ஐந்நூறு டாலர் கிடைக்குமாறும் உயில் எழுதி வைத்திருந்தார். அத்தொகை இல்லையேல் கோழிகளை மட்டும் நம்பி அக்குடும்பம் பிழைத்திருத்தல் அரிது. பின்னர்ப் பிறந்த குழந்தைகளோடு வீடு நிறைந்தது. 1906 முதல் அவர் அவ்வூர்ப் பள்ளியில் ஆசிரியப் பணியையும் ஏற்க நேர்ந்தது. குழந்தைகள் வீட்டிலேயே கல்வி கற்றனர். மகள் லெஸ்லி சிறுமியாய் இருந்தபோது எழுதிய நாட்குறிப்புகள் 1969இல் நூலாக வெளிவந்தன. நடையும் காடும் வீட்டு விலங்குகளும் ஒரு குழந்தையின் கண்ணில் எவ்வாறு தோன்றின என்பதற்கு அவை சான்று.

இனி, இப்பண்ணை கவிதையான வகையைக் காண்போம். 1913இல் வெளிவந்த முதல் தொகுதியில் புயலச்சம் பற்றிய சிறு கவிதை ஒன்று உண்டு. இரவில் பனிப்புயல் சன்னலை மோதுகின்றது. உள்ளே இருப்பவர் தம் வீட்டின் வலிமையை எண்ணிப் பார்க்கின்றார்: கணவன், மனைவி, ஒரு குழந்தை. பனி குவியக் குவிய, ஆறுதல் தரும் தொழுவமும் எட்டாத் தொலைவுக்குப் போய்விட்டது போன்று தோன்றுகின்றது. தொழுவம் தொலைவாவது எவ்வளவு பெரிய அச்சம் என்பது, அதற்குள் விளக்கோடு நாள்தோறும் சென்று வந்தவருக்கே விளங்கும். 1916ஆம் ஆண்டுத் தொகுதியில் தனித்த முதியவர் ஒருவர் பனியிரவில் வீட்டைக் காத்துக்கொண்டு உறங்கிப் போகின்றார். ஒரு வீட்டை, ஒரு பண்ணையைத் தனியொருவர் காத்தல் இயலாது என்பதே அக்கவிதையின் துயரம். மற்றொன்றில், முதற்பனியைக் கண்டு மிரண்டோடும் குதிரைக்குட்டியைக் காண்போர், அதனை இன்னும் வெளியே விட்டிருப்பவர் யாரோ என்று நொந்து கொள்கின்றனர். இவ்விடங்களிலெல்லாம் யார் பொறுப்பு என்னும் கேள்வியே பனியோடு சேர்ந்து எழுகின்றது.

ஆயின் அன்றாடக் கடமை ஆறுதல் மட்டுமே தருவதன்று. அது கொடுமையாகவும் தோன்றக்கூடும். 1914இல் வெளிவந்த தொகுதியில் குழந்தையை இழந்த கணவனும் மனைவியும் உரையாடும் நெடுங்கவிதை உண்டு. மகனின் குழியைத் தன் கையாலேயே தோண்டிவிட்டு வந்த கணவன், மண்கறை படிந்த காலணியோடு அமர்ந்து வேலி மரம் உளுத்துப்போவதைப் பற்றிப் பேசினான். அந்தப் பேச்சை மனைவியால் மன்னிக்க இயலவில்லை. அவளுக்கு அது நெஞ்சின்மை. அவனுக்கோ துயரத்தைச் சொல்ல வேறு சொல் இல்லை. வேலையின் சொற்களே அவனிடம் இருந்தன. இருவருள் எவரையும் கவிஞர் குற்றவாளியாக்கவில்லை. இக்கவிதையை ஃபிராஸ்ட் பொது அவைகளில் படித்ததில்லை. எலியட் இறந்த ஆண்டின் பனிக்காலத்தில், டெரி வீட்டின் அடுப்பருகே எத்தகைய மௌனம் நிலவியிருக்கும் என்பதை இதற்கு மேல் விரித்துரைத்தல் வேண்டா.

பனியிரவில் காட்டருகே வண்டியை நிறுத்திய மனிதரைப் பற்றிய புகழ்பெற்ற கவிதையை இவ்வொளியிலேயே காணுதல் வேண்டும். 1922ஆம் ஆண்டுக் கோடைகாலக் காலையொன்றில், வெர்மாண்ட் மாநிலத்து வீட்டில் அது எழுதப்பட்டது. மறு ஆண்டு வெளிவந்தது. பண்டித நேரு தம் இறுதிக் காலத்தில் அதன் இறுதி அடிகளைக் கைப்பட எழுதி அருகில் வைத்திருந்ததால், இந்நாட்டில் அது பெரிதும் அறியப்பட்டது. சாவின் அழைப்பு என்றும், வாழ்வின் கடமை என்றும் அதற்குத் தத்துவ உரைகள் பல எழுந்தன. அவை தவறல்ல. ஆனால் அக்குதிரையை மறந்துவிடலாகாது. வெண்பனி மூடிய சாலையில் சறுக்குவண்டி ஓசையின்றிச் செல்லும். எதிர்வருவோர் அறியவே குதிரைக்கு மணி கட்டினர். நடந்து வியர்த்த குதிரையைக் குளிரில் நெடுநேரம் நிறுத்தி வைப்பதும் தகாது. வீட்டில் வேறு விலங்குகள் தீவனத்துக்கும் நீருக்கும் காத்திருக்கும். மணியை அசைத்து அது வினவும்போது, கடமை தத்துவமாக அன்று, பசித்த ஓர் உயிராகப் பேசுகின்றது.

டெரிப் பண்ணையில் ஒரு கிறித்துமசுக்கு முன், விற்கக் கொண்டுசென்ற பண்டங்கள் விலைபோகாமல், குழந்தைகளுக்குப் பரிசு வாங்கப் பணமின்றித் திரும்பிய இரவில், வழியில் வண்டியை நிறுத்தித் தாம் அழுததாகவும், குதிரையின் மணியோசையே தம்மை மீண்டும் வீட்டை நோக்கிச் செலுத்தியதாகவும் ஃபிராஸ்ட் பிற்காலத்தில் கூறினார் என்று ஒரு செய்தி உண்டு. மகள் லெஸ்லியும் தந்தை தம்மிடம் அவ்வாறே கூறியதாக உறுதிப்படுத்தினார். கவிதையில் அழுகை இல்லை, வறுமை இல்லை, குழந்தைகள் இல்லை. குதிரை மட்டும் எஞ்சியது. எதை நீக்குவது, எதை வைப்பது என்பதில் அமைந்த முதிர்ச்சி அது.

1911இல் பண்ணை விற்கப்பட்டது. மறு ஆண்டு குடும்பம் இங்கிலாந்து சென்றது. முதல் தொகுதி இலண்டனில் வெளிவந்தபோது கவிஞருக்கு வயது முப்பத்தொன்பது. தம் எழுத்துக்கெல்லாம் அடிக்கரு டெரியில் கழிந்த ஆண்டுகளே என்னும் பொருள்படப் பிற்காலக் கடிதமொன்றில் அவர் எழுதினார். அப்பண்ணை இடையில் பழைய மோட்டார் வண்டிகளின் உடைசல் கிடங்காகவும் கிடந்தது. பின்னர் மாநில அரசு அதனை மீட்டு, லெஸ்லியின் நினைவுகளைத் துணையாகக் கொண்டு புதுப்பித்து நினைவில்லமாக்கியது.

வருவாயைக் கணக்கிட்டால் அப்பண்ணை தோல்வியே. கோழிகள் செல்வம் சேர்க்கவில்லை. பசு புகழ் சேர்க்கவில்லை. ஆனால் மகனை இழந்த ஒரு தந்தையை, விடியாத காலையிலும் எழுந்து தொட்டியின் பனிக்கட்டியை உடைக்குமாறு அவை செய்தன. விலங்குகளுக்கு மனிதரின் துயரம் தெரியாது. அவற்றின் அறியாமையே அவ்வீட்டாருக்கு அருளாயிற்று. அந்த எழுச்சியிலிருந்து பிறந்த சொல்லாதலின், ஃபிராஸ்டின் பனிக்கவிதை இன்றும் சுடுகின்றது.

பாட்டனாரின் உயில் விதித்த பத்தாண்டுகள் ஒரு கவிஞர்க்குப் பயிற்சிக் காலமாயின. பத்தாண்டு கண்ட இவ்வவையின் கவிஞர்களும் பனியைப் பாடட்டும். பாடுமுன், அவ்விரவில் தொழுவத்தில் நின்ற பசுவுக்கு யார் தண்ணீர் காட்டினார் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்.